தாத்தா போனின் பூட்டை உடைக்கலாமா?

ரூட், ஜெயில்பிரேக் என்று வீட்டுப் பிள்ளைகள் பேசுகிறார்கள். செலவே இல்லாமல் பழைய போன் புதுசாகிவிடும் என்கிறார்கள். வங்கிக் கணக்கு குடியிருக்கும் போனில் இதைச் செய்யலாமா?

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வீதி என்றாலும் சரி, காவிரியைத் தாண்டி உறையூர், தில்லைநகர் என்றாலும் சரி, கதை மாறப்போவதில்லை.

அந்த வீட்டுத் தாத்தா திருவெறும்பூர் ‘பெல்’ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஆறு வயதான ஆண்ட்ராய்டு போன். ஞாயிற்றுக்கிழமை காலை வங்கி ஆப்பைத் திறந்தால், ‘உங்கள் போனில் உள்ள பதிப்பு பழையது. இந்த ஆப் இனி இயங்காது’ என்று செய்தி வருகிறது. போனைப் பேரனிடம் நீட்டுகிறார். பேரன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம்.

“தாத்தா, கம்பெனிக்காரன் இந்த மாடலுக்கு அப்டேட் குடுக்கறதையே நிறுத்திட்டான். நீங்க சரின்னு சொல்லுங்க. பூட்லோடரைத் திறந்து, ரூட் பண்ணி, நானே புது ஆண்ட்ராய்டு ஏத்திடறேன். ஒரு பைசா செலவில்லை. ஒரு மணி நேர வேலை.”

“அவ்வளவுதானா? அப்ப காபி குடிச்சுட்டு ஆரம்பி.”

அடுக்களையிலிருந்து பாட்டியின் குரல். “டேய், பொறுடா. பென்ஷன் வந்த மெசேஜ் அதுலதான் வருது. கேஸ் புக் பண்றது அதுல. கரன்ட் பில் கட்டறது அதுல. ஏதாவது ஆச்சுன்னா யாருடா பொறுப்பு?”

பேரனிடம் பதில் இல்லை. ஆனால், ரூட் செய்யலாமா, வேண்டாமா என்பதில் கேட்க வேண்டிய கேள்வியைப் பாட்டிதான் கேட்டிருக்கிறார்.

ரூட் என்றால் என்ன, ஜெயில்பிரேக் என்றால் என்ன?

இரண்டும் அண்ணன் தம்பி. ஆண்ட்ராய்டில் செய்தால் ரூட், ஐபோனில் செய்தால் ஜெயில்பிரேக். போனைத் தயாரித்த நிறுவனம் போட்டு வைத்திருக்கும் உள்பூட்டைத் திறந்து, முழு அதிகாரத்தையும் பயனாளரின் கைக்கு மாற்றுவதுதான் இரண்டுமே.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. கோயிலுக்கு ஏழு பிராகாரங்கள். வெளிச்சுற்றுகளில் வீடு, கடை, ஹோட்டல், ஆட்டோ எல்லாம் உண்டு. உள்ளே போகப் போக நடமாட்டம் குறைந்துகொண்டே வரும். கருவறைக்குள் அர்ச்சகர் தவிர வேறு யாரும் போக முடியாது. போனும் அப்படித்தான். வாட்ஸ்அப், கேம், கேமரா ஆப் எல்லாம் வெளி வீதியில் குடியிருப்பவை. ஒவ்வொன்றுக்கும் தனி வீடு. அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்க அனுமதி இல்லை. கேமரா வேண்டும், கான்டாக்ட் வேண்டும் என்றால் கதவைத் தட்டி உங்களிடம் கேட்க வேண்டும். போனை இயக்கும் மென்பொருள் உள்சுற்றில் இருக்கிறது. அங்கே பயனாளருக்கே அனுமதி கிடையாது.

ரூட் செய்தால் ‘சூப்பர் யூசர்’ என்ற சாவி கிடைக்கும். எல்லாச் சுற்றுக் கதவுகளையும் திறக்கும் சாவி அது. அந்தச் சாவியை எந்த ஆப்புக்குக் கொடுக்கிறீர்களோ, அந்த ஆப்பும் கருவறை வரை போய்வரலாம்.

பேரன் சொன்னதில் இரண்டு தனி வேலைகள் கலந்திருக்கின்றன. போன் எழுந்திருக்கும்போது, உள்ளே இருப்பது கம்பெனி கையெழுத்திட்ட மென்பொருள்தானா என்று சோதித்து அனுப்பும் வாயிற்காவலர் ‘பூட்லோடர்’. வேறு ஆண்ட்ராய்டு ஏற்ற வேண்டுமானால் அவரை விலக்கினால் போதும். ரூட் செய்தே தீரவேண்டும் என்பதில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் தேவைக்கு மேல் கதவுகளைத் திறந்து வைக்கிறார்கள்.

தமிழுக்காகத் திறந்த பூட்டு

பூட்டை உடைப்பவர்கள் எல்லாம் திருட்டு ஆப் தேடுபவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழர்களில் பலர் முதன்முதலில் போனை ரூட் செய்ததே தமிழ் படிப்பதற்காகத்தான்.

2010 வாக்கில் ஆண்ட்ராய்டு போன் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். தமிழில் வந்த மெயிலைத் திறந்தால் வரிசையாகச் சதுரக் கட்டங்கள். போனுக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துரு இருக்க வேண்டிய ஃபோல்டரோ உள்சுற்றில் இருந்தது. ரூட் செய்து, அந்த ஃபோல்டரில் தமிழ் எழுத்துருவை வைத்தவர்கள் உண்டு. அப்படி வைத்தும் ‘கொ’, ‘கெ’ போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நின்று கண்ணைப் படுத்தியது. ஆனாலும் கட்டத்துக்குப் பதில் எழுத்து தெரிந்ததே, அதுவே பெரிய சந்தோஷம்.

அதே காலத்தில் பூட்டில் கைவைக்காமலே தமிழ் படித்தவர்களும் இருந்தார்கள். ஓபரா மினி பிரவுசரில் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. அதில் ஒரு வரியை மட்டும் ‘யெஸ்’ என்று மாற்றினால், தமிழ் எழுத்துகளை ஓபராவின் சர்வரே படமாக வரைந்து அனுப்பிவிடும். போனில் எழுத்துருவே தேவையில்லை. அந்த நாளில் தமிழ் வலைப்பக்கம் படித்தவர்களிடையே இந்த உத்தி வாய்வழியாகவே பரவியது.

ஐபோனிலும் இதே கதை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’, 2005 பொங்கலை ஒட்டியே சாதாரணக் கைபேசிகளில் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால், ஐபோனில் வெளியார் விசைப்பலகையை ஆப்பிள் அனுமதிக்கவில்லை. செல்லினம் ஆப்புக்குள் தட்டி, நகல் எடுத்து, வேறிடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. 2013-ல் ஐ.ஓ.எஸ். 7 வந்தபோது தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் போனோடு சேர்ந்தே வந்தன. ஆண்ட்ராய்டிலும் 2011 இறுதியில் வெளியான 4.0 பதிப்புக்குப் பிறகு தமிழ் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தது.

ஆக, பூட்டை உடைத்துப் பெற்ற வசதி, சில வருஷத்தில் பூட்டோடு சேர்ந்தே வந்துவிட்டது. அந்தச் சில வருஷம் காத்திருக்க முடியாதவர்களுக்கு ரூட் உண்மையிலேயே உதவியது. இப்போது ரூட் செய்ய நினைப்பவர்களும் இதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘எனக்கு வேண்டிய வசதி, பூட்டைத் தொடாமலே கிடைக்கிறதா?’

17 வயதுப் பையன் ஆரம்பித்து வைத்தது

முதல் ஐபோன் 2007 ஜூன் மாதம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ‘ஏ.டி. அண்டு டி’ நிறுவனத்தின் இணைப்பில் மட்டுமே இயங்கும் என்று கட்டுப்பாடு. இரண்டே மாதத்தில், நியூஜெர்ஸியைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் அந்தக் கட்டை அவிழ்த்து, வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுக் காட்டினான். அப்போது ஆப் ஸ்டோர் என்ற ஒன்றே கிடையாது. 2008 பிப்ரவரியில் ஜே ஃப்ரீமேன் ‘சிடியா’ என்ற கடையைத் திறந்தார். ஜெயில்பிரேக் செய்த போன்களுக்கான ஆப் கடை அது. ஆப்பிளின் சொந்தக் கடை அதற்குப் பிறகு, ஜூலையில்தான் வந்தது.

ஜெயில்பிரேக் உலகில் முதலில் புழங்கிய பல வசதிகளைப் பிற்பாடு ஆப்பிளே தந்தது. திரையின் கீழிருந்து இழுத்தால் வை-ஃபை, புளூடூத் பட்டன் வருவது 2013-ல். வெளியார் விசைப்பலகை 2014-ல். திரையில் நடப்பதைப் பதிவு செய்வது 2017-ல். முகப்புத் திரையில் விட்ஜெட் 2020-ல்.

2010 ஜூலை 26 அன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தன் சொந்த போனை ஜெயில்பிரேக் செய்வது காப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகாது என்று விலக்கு அளித்தது. அதற்காக ஆப்பிள் வாரன்ட்டி தரவேண்டும் என்று அது சொல்லவில்லை. உன் போன், உன் உரிமை. உடைந்தால் உன் பாடு.

நம் ஊர்ச் சட்டம்

தன் சொந்த போனை ரூட் செய்வது குற்றம் என்று இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால், இரண்டு எல்லைக்கோடுகள் உண்டு.

முதல் கோடு, காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு. ஒரு படைப்பைப் பாதுகாக்கும் தொழில்நுட்பப் பூட்டை, அந்தப் படைப்பின் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. எழுத்துரு மாற்றுவதற்காகத் திறப்பது வேறு. காசு கொடுத்து வாங்க வேண்டிய படத்தையும் ஆப்பையும் ஓசியில் எடுப்பதற்காக உடைப்பது வேறு.

இரண்டாவது கோடு இன்னும் கடுமையானது. *#06# என்று டயல் செய்தால் திரையில் வருமே 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், அதில் கைவைக்கக் கூடாது. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருடுபோன போனை அடையாளம் காண்பது அந்த எண்ணை வைத்துத்தான். ‘ரூட் பண்ணிட்டா ஐ.எம்.இ.ஐ.-யையும் மாத்திக்கலாம்’ என்று யாராவது ஆசை காட்டினால், அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

காவலர் போன வீட்டில் நடந்தவை

2009 நவம்பர், ஆஸ்திரேலியா. ஜெயில்பிரேக் செய்த சில ஐபோன்களின் திரையில், வைத்த படம் மறைந்து ரிக் ஆஸ்ட்லி என்ற பாடகரின் படம் தானாக வந்து உட்கார்ந்தது. காரணம் சாதாரணமானது. ஜெயில்பிரேக் செய்தவர்களில் பலர், தூரத்திலிருந்து போனுக்குள் நுழைய உதவும் ஒரு நிரலையும் சேர்த்து நிறுவியிருந்தார்கள். எல்லா ஐபோன்களுக்கும் தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டு ஒன்றேதான், ‘ஆல்பைன்’. அதை மாற்றாமல் விட்டவர்களின் போன்களில் புழு புகுந்தது. அது விளையாட்டோடு போயிற்று. அதே மாதம் நெதர்லாந்தில் கிளம்பிய இன்னொரு புழு விளையாடவில்லை. ஐ.என்.ஜி. வங்கியின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது.

பூட்டைத் திறந்தவர்களுக்கு, கூடவே பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும் என்று தெரியவில்லை. பூட்டிய போனில் அந்தக் கவலையைக் கம்பெனி பட்டுக்கொண்டிருந்தது.

2015 ஆகஸ்ட்டில் தெரியவந்தது இன்னும் பெரிய விவகாரம். ‘கீரெய்டர்’ என்று பெயர். சிடியா வழியாகச் சீனாவில் பரவிய சில இணைப்பு நிரல்களுக்குள் ஒளிந்திருந்து, ஜெயில்பிரேக் செய்த போன்களிலிருந்து 2,25,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளின் பெயர், பாஸ்வேர்டு விவரங்களைத் திருடியது. எதற்கு? காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆப்பை ஓசியில் இறக்கித் தருகிறோம் என்று சிலருக்கு ஆசை காட்டினார்கள் அல்லவா, அந்த ஆப்களுக்கான பணம் இந்தத் திருட்டுக் கணக்குகளிலிருந்து போனது. சிலருடைய போனைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டதும் உண்டு.

நம் ஊரில் இதற்கு வேறு முகம். ‘உங்கள் வண்டிக்கு டிராஃபிக் அபராதம்’, ‘எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைல்கள். சாதாரண போனிலேயே இவை ஆபத்து. ஆனாலும் அங்கே எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி தரவா, இதைத் தரவா, அதைத் தரவா என்று போன் பல இடங்களில் தடுத்துக் கேட்கும். ரூட் செய்த போனில் ‘சூப்பர் யூசர் அனுமதி தரவா?’ என்ற ஒரே கேள்விக்கு அவசரத்தில் ‘சரி’ என்று தட்டினால் போதும். மிச்சக் கதவுகளை அதுவே திறந்துகொள்ளும்.

எந்த ஆப்புக்காகத் திறந்தாரோ...

இப்போது உத்திர வீதி வீட்டுக்கே வருவோம். தாத்தாவுக்கு என்ன வேண்டும்? வங்கி ஆப் மறுபடி வேலை செய்ய வேண்டும். பேரன் சொன்னபடி ரூட் செய்து புது ஆண்ட்ராய்டு ஏற்றினால் அது நடக்குமா?

பெரும்பாலும் நடக்காது. கதையின் திருப்பமே இங்கேதான். 2021 பிப்ரவரி 18 அன்று ரிசர்வ் வங்கி, டிஜிட்டல் பணப் பரிமாற்றப் பாதுகாப்பு குறித்து வங்கிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. போன் ரூட் அல்லது ஜெயில்பிரேக் செய்யப்பட்டதா என்று சோதித்து, செய்யப்பட்டிருந்தால் ஆப்பை நிறுவவோ இயங்கவோ விடாமல் தடுக்கும் வழியை வங்கிகள் ஆராயலாம் என்று அதில் இருக்கிறது. கூகுளும் ‘பிளே இன்டெக்ரிட்டி’ என்ற சோதனையை வைத்திருக்கிறது. ஆப் கேட்டால், இந்த போனின் உள்கட்டு கலையாமல் இருக்கிறதா என்று அது சொல்லும். பூட்லோடர் திறந்திருந்தாலே பெரும்பாலும் ‘கலைந்திருக்கிறது’ என்றுதான் பதில் வரும். ரூட் செய்யாமல் வேறு ஆண்ட்ராய்டு மட்டும் ஏற்றினாலும் இதே நிலைதான்.

ஆக, பழைய பதிப்பு என்று மறுத்த ஆப், இப்போது பூட்டு உடைந்தது என்று மறுக்கும்.

பேரனுக்கு இதற்கும் பதில் தெரியும். “ரூட் ஆனதை மறைக்க வழி இருக்கு தாத்தா.” இருக்கிறது, உண்மைதான். மறைப்பவர் ஒன்று கண்டுபிடிக்க, அடுத்த மாதம் கூகுள் அதைக் கண்டுபிடிக்க, மறுபடி வேறொன்று தேட... இந்த ஆட்டம் பல வருஷமாக நடக்கிறது. இருபது வயதில் அது பொழுதுபோக்கு. எழுபது வயதில், மருந்துக்கடையில் பணம் அனுப்பும்போது ஆப் திறக்கவில்லை என்றால் பொழுதுபோக்கு அல்ல. பேரன் ஹாஸ்டலிலோ, பெங்களூரிலோ இருந்தால் தாத்தா யாரைக் கேட்பார்?

பணம் போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் மோசடியால் பணம் போய், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் புகார் சொன்னால், வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. அவருடைய கவனக்குறைவு என்றால், புகார் சொல்லும்வரை போனதெல்லாம் அவர் தலையில். கவனக்குறைவு என்பதை நிரூபிக்க வேண்டியது வங்கி. பூட்டுடைத்த போன் என்றால், அப்படி வாதாட நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

எந்த போனாக இருந்தாலும் சரி, பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930-க்கு அழைத்துவிடுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. அப்புறம் வங்கிக்கு.

திரும்பி வர முடியாத சில படிகள்

பணத்தை விட்டாலும் இன்னும் சில விஷயங்கள் உண்டு.

பூட்லோடரைத் திறக்கும்போது போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். திருடியவர் பூட்டைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேத்தியின் காதுகுத்துப் படங்கள், இறந்துபோன அண்ணன் அனுப்பிய கடைசி வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதோடு போகும். வேறிடத்தில் நகல் எடுத்து வைத்தாயிற்றா என்று பார்க்காமல் யாரும் தொடக் கூடாது.

சாம்சங் போன்களில் ‘நாக்ஸ்’ என்ற பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. அதில் மின் உருகி ஒன்று இருக்கிறது. சாம்சங் கையெழுத்தில்லாத மென்பொருளை ஏற்றினால் அது எரிந்துபோகும். வீட்டு ஃபியூஸைப் போல மறுபடி கம்பி கட்ட முடியாது. பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் ‘செக்யூர் ஃபோல்டர்’ போன்ற வசதிகள் அந்த போனில் திரும்பி வராது.

பாதியில் தவறினால் போன் எழுந்திருக்காமலே போவதும் உண்டு. பிள்ளைகள் இதை ‘செங்கல் ஆயிடுச்சு’ என்பார்கள்.

‘ஒரே கிளிக்கில் ரூட்’ என்று விளம்பரம் வரும் ஆப்கள் தனி ரகம். போனில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தித்தான் அவை உள்ளே போகின்றன. செய்தது யார், உள்ளே என்ன விட்டுவிட்டுப் போனார் என்று தெரியாத ஆப்பிடம் தலைச்சாவியைக் கொடுப்பதைவிடச் சும்மா இருப்பது மேல்.

கடையில் கொடுப்பதற்கு முன்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி மெயின் கார்டு கேட் பக்கம் நடந்தால், போன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. திறமையான கைகளும் நிறைய. ஆனால், ரூட் என்பது ஸ்க்ரீன் மாற்றுவதைப் போன்ற வேலை அல்ல. ஸ்க்ரீன் மாற்றுபவர் கண்ணாடியைத் தொடுகிறார். ரூட் செய்பவர் உங்கள் எல்லாக் கதவுகளுக்கும் சாவி செய்கிறார். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் சிம்மைக் கழற்றிக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கு, வங்கி ஆப், யு.பி.ஐ. எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி, போனை முழுவதுமாக அழித்துவிட்டுக் கொடுங்கள். எந்த மென்பொருளை ஏற்றப்போகிறார், எங்கிருந்து எடுத்தார், நாளைக்குப் பாதுகாப்பு அப்டேட் யார் தருவார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

யார் செய்யலாம்?

பயமுறுத்தி நிறுத்திவிடுவதும் நியாயமல்ல. ரூட், ஜெயில்பிரேக் இரண்டுக்கும் நல்ல காரணங்கள் இருக்கின்றன.

மூன்று, நான்கு வருஷத்தில் கம்பெனி கைவிட்டுவிட்ட போன், உடம்பு நன்றாக இருக்கும்போதே குப்பைக்குப் போவது பெரிய வீண். ‘லினேஜ் ஓ.எஸ்.’ போன்ற தன்னார்வலர்களின் ஆண்ட்ராய்டு, பட்டியலில் உள்ள மாடல்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களோடு புத்துயிர் தருகிறது. 2016-ல் மூடப்பட்ட ‘சயனோஜென்மாட்’ திட்டத்தின் வாரிசு அது. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்குப் போனின் உள்சுற்றைப் பார்ப்பதைவிட நல்ல பாடம் கிடைக்காது. போன் பாதுகாப்பை ஆராய்பவர்களுக்கு இது தொழிலுக்கே தேவை.

எனவே, அந்த போனில் வங்கி, யு.பி.ஐ., ஆதார் தொடர்பான எதுவும் இல்லை, ஓ.டி.பி. வரும் சிம் இல்லை, நகல் எடுக்காத படமில்லை, அது செங்கல்லாகிவிட்டாலும் வீட்டில் ஒரு வேளை சமையல் நிற்காது என்றால், தாராளமாகத் திறக்கலாம்.

வீட்டில் இருக்கும் ஒரே போன், பென்ஷன் வரும் போன், கடை நடத்துபவரின் கியூ.ஆர். போன், வேலை பார்க்கும் கம்பெனியின் மெயில் இருக்கும் போன் என்றால், வேண்டாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சேதி. 2019-ல் வெளியான ‘செக்மேட்’ ஓட்டை, ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையிலான சிப்களில் இருக்கிறது. மென்பொருளால் அதை அடைக்க முடியாது. அதற்குப் பின் வந்த ஐபோன்களில் அந்த வழி இல்லை. புது ஐபோனை ஜெயில்பிரேக் செய்து தருவதாக யாராவது பணம் கேட்டால், உடனே நம்ப வேண்டாம்.

புது போன் வாங்கும்போது கேமராவை மட்டும் கேட்காமல், ‘எத்தனை வருஷம் அப்டேட் வரும்?’ என்றும் கேளுங்கள். கூகுள் பிக்ஸல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 முதல் அந்த வரிசைகளுக்கு ஏழு வருஷம் என்று நிறுவனங்களே சொல்லியிருக்கின்றன. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் தரவேண்டும் என்பது விதி. கம்பெனிகள் அப்படித் தந்தால், பூட்டை உடைக்கும் தேவை பாதியாவது குறைந்துவிடும்.

பாட்டியின் தீர்ப்பு

உத்திர வீதி வீட்டில் கடைசியில் என்ன நடந்திருக்கும்?

ஒரு வாரம் தாத்தா ஏ.டி.எம்.மையும் வங்கிக் கிளையையும் வைத்தே சமாளிக்கிறார். பிறகு, நடுத்தர விலையில், பல வருஷம் அப்டேட் தருவதாகச் சொல்லும் ஒரு போன் வருகிறது. சிம்மும் வங்கி ஆப்பும் அதற்குக் குடிபோகின்றன. பழைய போனிலிருந்து படங்களைப் பேரன் நகல் எடுக்கிறான். தாத்தா ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். போன் காலியாகிறது.

“இப்போ திறக்கலாமா பாட்டி?”

“இப்ப அதுல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லை.”

“போனா யாருக்கு நஷ்டம்?”

“எனக்குத்தான். திட்டு வாங்கப்போறதும் நான்தான்.”

“அப்ப திறந்துக்கோ.”

இரண்டு நாள் இரவு கண்விழித்து, ஒருமுறை செங்கல் ஆகிப் பிழைத்து, அந்த போன் புது ஆண்ட்ராய்டோடு எழுந்திருக்கிறது. இப்போது அது அடுக்களை அலமாரியில் இருக்கிறது. காலையில் திருச்சி வானொலி, சாயங்காலம் உபன்யாசம். வங்கி ஆப் அதில் இல்லை. பாட்டி அதைக் கேட்கவும் இல்லை.